சாக்கின் வாயில் என் மடி

பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற வழியில் ஒரு கோழித்தீவன மில்லில் மூட்டை பிரிக்கிற வேலை பார்த்தேன். கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடலே இல்லாத ஊரில் பிழைப்பு. ஆனால் அங்கே வந்த மூட்டைகளில் பாதி எங்கள் கரையிலிருந்து வந்தவை. எல்லாம் காய்ந்த சங்காயம். இறாலுக்காக இழுக்கிற மடிவலையில் கூடவே சிக்கிச் சாகிற பொடிமீன், நண்டு, சங்கு எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

அதைக் குறைக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டவன் நான். மீன்துறைக்காரர்கள் ஒரு வலைப்பை கொண்டுவந்து காட்டியிருந்தார்கள். வழக்கமான மடியின் கடைசிப் பையில் கண்கள் இழுக்க இழுக்க இறுகிக்கொள்ளும். விரல் நீளக் குஞ்சுகூடத் தப்பாது. இவர்கள் பையில் சதுரக் கண். இழுத்தாலும் மூடாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் என் தங்கை புருஷனும் மட்டும் எங்கள் கூட்டுப் படகில் போட்டுப் பார்த்தோம். இறால் குறையவில்லை, சங்காயம் பாதியாகிவிட்டது. "ஒரு வருசம் எங்க படகப் பாருங்க. எறா கொறஞ்சா இனிமே எம் பேச்ச யாரும் கேக்க வேணாம்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பெரிய வீராப்பு!

அடுத்த மாதமே வலை இழுக்கிற வின்ச்சில் கை மாட்டி இரண்டு விரல் போயிற்று. மனைவிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைக்க, குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தோம். கிளம்புமுன், நைந்துபோன அந்தப் பைக்குப் பதிலாகப் பச்சை நைலானில் புதுப் பை ஒன்று கட்டினேன். மூலைக்கு மூலை சிவப்பு நூலில் இரட்டை முடிச்சு. விரல் போதாத இடத்தில் தங்கைதான் நூலைப் பிடித்துக்கொண்டாள். "இத மட்டும் கழட்டிராத மாப்ள" என்றேன். "எங்காத்தா மேல சத்தியம் மச்சான்" என்றான்.

ஞாயிறுதோறும் பெட்டிக்கடைக் காசு போனில் கேட்பேன். "ஒங்க மடிதான் மச்சான் ஓடுது. ஊரும் மெதுவா மாறுது" என்பான். அதை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மனைவியிடம் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஊரில் சங்காயத்தைக் காயவைப்பதும் சாக்கில் கட்டுவதும் பெண்கள். தூள் சிந்தாமலிருக்கக் கழித்துப்போட்ட வலையில் ஒரு துண்டு வெட்டிச் சாக்கின் வாயில் வைத்துத் தைப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை வந்த லோடில், முதல் மூட்டையின் வாயில் பச்சை வலை. சதுரக் கண். ஓரத்தில் சிவப்பு இரட்டை முடிச்சு.

இரண்டாவது மூட்டையிலும் அதே. நைலானின் பளபளப்புகூடப் போகவில்லை. ஒரு நாள்கூட உப்புத்தண்ணீரைப் பார்க்காத வலை. உள்ளே சுண்டுவிரல் நீளச் சீலாமீன் குஞ்சும் சட்டைப் பொத்தான் அளவு நண்டும்.

லாரிக்காரன் எங்கள் ஊர்ப் பக்கத்தான். அவனிடம் காட்டினேன். "இந்த மடியா? எறாவே விழலன்னு ஒங்க மாப்ளதான கூட்டத்துல சொன்னாரு. அப்பறம் யாருண்ணே அதத் தொடுவா?" என்றான்.

பாவி, கடலில் இறக்காத வலையில் இறால் எப்படி விழும்? சாக்குச் சாக்காக விற்றுக் காசாகிற சங்காயத்தை விட்டுவிட அவனுக்கு மனசில்லை. அதை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊரிலும் என்னைப் பொய்யனாக்கி, போனிலும் என்னைக் கேனயனாக்கியிருந்தான்.

சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க, அப்படியே நின்னுட்டீங்க? மெசினு சும்மா ஓடுதுங்க" என்றார். பிரித்துக் கொட்டினேன். சிவப்பு முடிச்சோடு ஒரு துண்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தங்கையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. எங்கள் படகின் சாக்குகளைத் தைப்பவள் அவள்தான். புருஷனுக்குப் பயந்து தைத்திருப்பாள், என்னிடம் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருப்பாள், கேட்டால் கொட்டிவிடுவாள் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கமான பாட்டைப் பாடி முடித்ததும், "தங்கச்சிகிட்ட குடு" என்றேன்.

"மடி எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்னண்ணே, ஒம் மடிதான் ஓடுது" என்றாள். கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. பிறகு, கை வலி எப்படி இருக்கிறது, மருந்து போடுகிறாயா என்று அக்கறையாக விசாரித்தாள்.

போடுகிறேன் என்றேன்.