இடது பக்கம் வாங்க

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் காற்று என்றார்கள். மீதிப் பேர் களைப்பு என்றார்கள். காற்றும் இருந்தது, களைப்பும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாலிஸ் மலைகளில் பாதி ஆயுளுக்கு மேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். காற்று என்ன பேசும், என்ன பேசாது என்று எனக்குத் தெரியும். இது நடந்தது.

கையடக்க வழிகாட்டிக் கருவிகள் வராத காலம். ஏப்ரல் கடைசி. பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு மலைக்குடிலிலிருந்து அடுத்த மலைக்குடிலுக்கு என்று நாள்கணக்கில் போகும் பயணம். அந்தப் பருவத்தில் எனக்கு அதுதான் கடைசி. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு ஒன்று உண்டு, போகாத அலுப்பு ஒன்று உண்டு. எனக்கு இரண்டாவது. முழங்கால் வலிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியமாக இருக்கும். பேசப் பிடிக்காது. நல்லவேளை, என் கூட வந்த பென்னோ எல்லோருக்கும் சேர்த்துப் பேசினான்.

பென்னோ எமெண்டாலில் பாலாடைக்கட்டி செய்கிறவன். அவன் அக்கா ஊர்சினா, பெர்னில் நர்ஸ். மூன்றாவது ஆள் மத்தீஸ், பாசலில் பூகோள வாத்தியார். என் பொறுப்பில் இந்த மூன்று பேர்.

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம். மரங்கள் நின்றுபோகும் உயரத்தைத் தாண்டிவிட்டால் மரியாதைப் பேச்சு கிடையாது. யாராக இருந்தாலும் 'நீ'தான். மறந்துபோய் ஒருவரை 'நீங்கள்' என்றால் எல்லோருக்கும் ஒரு சுற்று ஆப்ரிகாட் சாராயம் வாங்கித் தர வேண்டும். மத்தீஸ் முதல் நாள் மாலையே இரண்டு முறை மாட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, பாத்து. இப்படியே மரியாதை குடுத்தா பென்ஷன் மிஞ்சாது," என்றான் பென்னோ.

அதற்குப் பிறகு அவர் வாயில் 'நீங்க' வரவேயில்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை.

அன்று காலை புறப்படும்போது ஓடிலோவும் அதே குடிலில் இருந்தான். அவனும் என்னைப்போல் வழிகாட்டி, பக்கத்து வீடு. சிறுவயதிலிருந்து பழக்கம். அவனிடம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மனைவி லிவியா, சூரிச்சில் டாக்டர். கணவனின் பலகையில் ஏதோ பூட்டு உடைந்துபோக, ஓடிலோ கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ முன்னாடி போய்த் தடம் போடு, கிலியன். நான் ஊர்வலத்துல கடைசியா வர்ற பிஷப் மாதிரி பின்னாடி வரேன்," என்றான்.

"பிஷப்பு குளிச்சிட்டுல்ல வருவாரு?"

"போடா. சூப்பு மிச்சம் வை."

நான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு அது.

கணவாயில் ஏறி நின்றபோது மேகம் இறங்கியது. பிறகு பனி. பத்து நிமிடத்தில் வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன. எங்கும் வெள்ளை. என் பலகையின் நுனி எனக்கே தெரியவில்லை. நால்வரையும் ஒரே கயிற்றில் பிணைத்தேன். முன்னால் நான், பிறகு பென்னோ, ஊர்சினா, கடைசியில் மத்தீஸ்.

கணவாய்க்குக் கீழே நீண்ட பனியாறு. அதன் வலப்புறம் குடில். இடப்புறம் பனியாறு உடைந்து வீடளவுப் பாளங்கள் தொங்கும் செங்குத்து. அந்தப் பக்கம் போனவர் திரும்புவதில்லை. ஊர்சினாவுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். வெளியில் ஒரு ராத்திரி அவள் தாங்கமாட்டாள். இருட்டுவதற்குள் குடில் வேண்டும்.

வெள்ளைக்குள் முன்னால் போகிறவன் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வளைந்துவிடுவான். அதனால் கயிற்றின் கடைசி ஆள் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கயிறு நீளும் திசையைப் பார்த்து, 'இடது', 'வலது' என்று குரல் கொடுப்பான். முன்னால் இருப்பவன் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டபடி போக வேண்டும். எங்கள் தொழில் அப்படி. பூகோள வாத்தியாரிடம் திசைகாட்டியைக் கொடுத்தேன்.

"கொஞ்சம் வலது!" மத்தீஸின் குரல் மெலிதாக வந்தது. எதிர்க்காற்று. வார்த்தையைப் பாதியாகப் பிய்த்துத்தான் என்னிடம் கொடுத்தது.

"வலது... போதும்!"

நடந்தேன். ஒரு கால், மறு கால். யோசிக்க வேண்டியதில்லை என்பதே ஒரு சுகம். யாரோ சொல்கிறார்கள், நான் போகிறேன். அப்படிப் போனால் தூங்கிக்கொண்டே நடக்கலாம். நடந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இடது."

இடது போனேன்.

"இன்னும் இடது."

போனேன்.

குரல் இப்போது தெளிவாக இருந்தது. பரவாயில்லை, வாத்தியாருக்குத் தொண்டை திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதிர்க்காற்று அப்படியேதான் இருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"இடது... அப்படித்தான்."

தரை லேசாகச் சரியத் தொடங்கியது. அங்கே சரிவு வரக் கூடாது. உயரமானியைப் பார்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். அலுப்பு. பார்க்கவில்லை.

"இடது பக்கம் வாங்க, ஐயா."

இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

வாங்க.

ஐயா.

மத்தீஸ் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கிண்டல் செய்யும் ஆள் பென்னோ. மத்தீஸ் அல்ல. வழிகாட்டியை யார் ஐயா என்பார்கள்? அந்தக் காலத்து வழிகாட்டிகள்தான், காசு கொடுத்துக் கூட வந்த துரைமார்களை அப்படி அழைத்தார்கள். எங்கள் பள்ளத்தாக்குப் பேச்சு அது. பாசல்காரர் வாயில் அந்த இழுப்பு வராது.

நின்றேன்.

கைக்கோலை முன்னால் நீட்டி ஊன்றினேன்.

கோல் இறங்கியது... இறங்கியது... கைப்பிடி வரை இறங்கியது. அடியில் எதுவும் இல்லை.

"ஏன் நின்னுட்டீங்க?"

காதுக்குப் பக்கத்தில்.

என் இடப்பக்கம்.

கயிறு என் பின்னால் இருந்தது.

நான் திரும்பவில்லை. வந்த தடத்திலேயே பின்னோக்கிக் கால் வைத்தேன். ஒவ்வொன்றாக. கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே. முதுகில் ஒரு கை தட்டியபோது உயிர் போய் வந்தது. பென்னோ.

"என்னடா ஆச்சு, கிலியன்? பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"மத்தீஸ் ஏன் இப்படி விளையாடறாரு?"

"யாரு விளையாடறா? அவரு சத்தத்தையே காணோமே. நீ பாட்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற. ஏதோ தெரிஞ்சுதான் போறன்னு நெனச்சேன்."

"இடது இடதுன்னு சொன்னது?"

பென்னோ கயிறு போன பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

மத்தீஸ் வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் பனிக்கட்டி. கழற்றக் கூட முடியாதபடி விரல் விறைத்திருந்தது.

"கணவாய விட்டு எறங்கி ரெண்டு தடவ வலதுன்னு சொன்னதோட சரி, அப்புறம் கண்ணு தெரியல. நில்லு நில்லுன்னு கத்தினேன். யாரும் நிக்கல. தொண்டையும் போச்சு."

அதைக் கூட அவர் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

ஊர்சினா பனியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தூக்கம் வருது. கொஞ்ச நேரம் தூங்கறேன்," என்றாள். பென்னோ அவள் கன்னத்தில் தட்டினான். "அக்கா, எழுந்திரு. நீ செத்தா உன் பூனைய நான்தான் வளக்கணும். எனக்கும் அதுக்கும் ஆகாது."

அவள் சிரித்தாள். எழுந்தாள்.

பின்னால் ஓடிலோ எங்கள் தடத்தைப் பார்த்துத்தான் வருவான். தடம் அந்த விளிம்புக்குப் போகிறது. ஊர்சினாவின் இரண்டு கோல்களையும் வாங்கி, தடத்தின் குறுக்கே பெருக்கல் குறியாக நட்டேன். என் சிவப்புக் கழுத்துத்துணியை அதில் இறுகக் கட்டினேன். நில், இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். எங்கள் வழிகாட்டிகளில் அது தெரியாதவன் கிடையாது.

பென்னோவை முன்னால் விட்டேன். திசைகாட்டியோடு நான் கடைசிக்குப் போனேன்.

"கிலியன், வலதா?" என்று முன்னாலிருந்து கத்தினான் பென்னோ.

"வலது! போய்க்கிட்டே இரு! நான் சொல்றதத் தவிர வேற எதையும் கேக்காத!"

வலது பக்கம் நகர்ந்தோம். குரல் எங்களோடு வரவில்லை. அது அந்த இடத்திலேயே நின்றுவிட்டது போலிருந்தது. கொஞ்ச தூரம் போனதும், எனக்குப் பின்னால், வெகு தூரத்தில்...

"கிலியன்?"

என்னைக் கூப்பிடவில்லை. குழந்தை புது வார்த்தையை வாயில் போட்டுப் பார்ப்பதுபோல், சொல்லிப் பார்த்தது.

"கி...லியன்."

நான் நடையை நிறுத்தவில்லை.

ஐந்தே காலுக்குக் குடிலின் கதவைத் தொட்டோம். குடிலைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா கதவைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"கல்லறைக்கு வழி கேட்டு வந்தவங்க மாதிரி இருக்கீங்க. பூட்ஸக் கழட்டுங்க முதல்ல. தரை இப்பத்தான் துடைச்சேன்."

"ஓடிலோ பின்னாடி வரான்."

"இந்த மூட்டத்துலயா? அவனுக்கு உன்னைவிட மூளை அதிகம். கணவாய்லயே திரும்பிப் போயிருப்பான்."

காலையில் கிளம்பிய குடிலுக்கு வானொலித் தொடர்பு கிடைக்கவில்லை. வெறும் இரைச்சல். பிலோமினா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்க் குடில் மணியை அடித்தாள். உள்ளே வருவாள், கை சூடேற்றுவாள், மறுபடியும் போய் அடிப்பாள். நான் கிளம்ப எழுந்தேன். கால் மடங்கியது. பென்னோ என்னைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான்.

ஊர்சினாவின் பாதங்கள் வெளுத்துப்போயிருந்தன. அவற்றை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சுவர்க் கடிகாரம் ஆறரை. அடுப்புக்கு மேலே மாட்டியிருந்ததால் என் கண் அதன்மேலேயே இருந்தது. அடுப்பருகே பென்னோ. மேசையில் மத்தீஸ். மணி அடிக்கப் போன பிலோமினாவைத் தவிர ஒருவரும் வெளியே போகவில்லை. இதற்கு நான்கு சாட்சி உண்டு.

ஓடிலோ வரவில்லை.

விடிந்ததும் வானம் நீலமாக, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. ஹெலிகாப்டரை வரவழைத்தார்கள். ஓடிலோவும் லிவியாவின் கணவனும் செங்குத்தின் அடியில் கிடந்தார்கள். லிவியா மட்டும் அறுந்த கயிற்றோடு பாதியில் ஒரு பனிப்பாளத்தில் சிக்கியிருந்தாள். உயிரோடு.

மேலே நான் நட்ட கோல்கள் அப்படியே நின்றன. கழுத்துத்துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிலோவின் தடம் அதுவரை வந்து, சரியாக வலது பக்கம் திரும்பியிருந்தது. ஒரு இருபது எட்டு. பிறகு சட்டென்று இடது பக்கம் வளைந்து, நேராக விளிம்புக்கு.

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நாற்பது வயது வழிகாட்டி, மலையிலேயே பிறந்தவன்.

பத்து நாள் கழித்துப் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் மனம் சொன்னது. லிவியாவின் கால் மாவுக்கட்டில் இருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆப்ரிகாட் மரங்கள் பூத்திருந்தன.

"உங்க கோலப் பாத்தோம்," என்றாள் கடைசியில். "ஓடிலோ அதைப் பாத்துட்டு, கிலியன் கெட்டிக்காரன்னு சொன்னாரு. வலது பக்கம் திரும்பினோம். மணி ஆறரை இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கூப்பிட்டீங்க."

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தேன்.

"ஓடிலோ யோசிச்சாரு. இது கிலியன்தானா, அவன் ஏன் அங்க நிக்கறான்னு கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும்தான், ஆமா, அவரேதான்னு சொன்னோம். முந்தின நாள் ராத்திரி பக்கத்து மேசையில கேட்ட குரல். எனக்குத் தெரியாதா?"

"நான் அப்ப குடிலுக்குள்ள இருந்தேன், டாக்டர். நாலு பேரு பாத்தாங்க."

"தெரியும். போலீஸ் சொன்னாங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்லையாம்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து கதவு வரை போய்விட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அவங்க ரெண்டு பேரும் விழுந்தப்புறம்... ஏன் சிரிச்சீங்க?"