பணிந்தேன்!

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு வாலிபனின் முழங்கை மூட்டு நழுவியது. புதன்கிழமை ஒரு வாத்தியாரின் வேலை போயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆசாமி. வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு உபதேசம் செய்கிறவன்தான்!

எங்கள் தேகப்பயிற்சிச் சங்கத்தைப் பற்றி முன்பே அளந்திருக்கிறேன். அரிசி மில் முதலாளி தலைவர். நான் காரியதரிசி. கோவிந்தசாமி மாஸ்டர் பயிற்சி வாத்தியார்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் கிள்ளை. இளவயதிலேயே பினாங்குக்குக் கப்பலேறி, அங்கே ஒரு ஜப்பான்காரரின் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கடையின் பின்கட்டில் அந்த முதலாளி ஜூடோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். யுத்தம் முடிந்து, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஊர் திரும்பிய மாஸ்டருக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை.

பிடிகளோடு வார்த்தைகளையும் அவர் கொண்டுவந்திருந்தார். வணங்குவதற்கு ‘ரெய்’. தொடங்குவதற்கு ‘ஹாஜிமே’. அடிபடாமல் விழுவதற்கு ‘உக்கேமி’ — முதல் ஒரு மாதம் பையன்களுக்கு விழுவதைத் தவிர வேறொன்றும் அவர் சொல்லித் தரவில்லை! கடைசியாக ‘மைத்தா’. தோற்றேன், விடு என்று அர்த்தம். பிடிபட்டவன் கையால் தரையைத் தட்டுவான். தட்ட முடியாவிட்டால் ‘மைத்தா’ என்பான். அது காதில் விழுந்த கணமே பிடித்தவன் விட்டுவிட வேண்டும்.

சுதந்திரம் வந்ததல்லவா? கமிட்டிக்கு ரோஷமும் வந்துவிட்டது. ஜப்பான்காரன் பாஷை நமக்கெதற்கு? தமிழில் சொற்கள் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்ததா? நானே குனிந்து வாங்கிக்கொண்டேன். ‘மைத்தா’வுக்குப் ‘பணிந்தேன்’ என்று போட்டேன். எவ்வளவு அழகான சொல்! இதே பத்தியில் எழுதினேன், நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்... ஞாபகமிருக்கிறதா?

கமிட்டிக் கூட்டத்துக்கு மாஸ்டர் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“மத்ததெல்லாம் மாத்திக்குங்க சார். இந்த ஒண்ண மட்டும் வுட்டுடுங்க. இது வெறும் வார்த்தை இல்ல சார், பிரேக்கு. ரெண்டு வருஷமா பசங்க காதுல ஏறியிருக்கு.”

“நம்ம பாஷையில இல்லாத பிரேக்காய்யா?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தேன்.

“அப்படின்னா மூணு மாசம் டைம் குடுங்க சார். புதுசு பழகட்டும். அதுவரைக்கும் மேடை வேணாம்.”

டைமா? இரண்டு வாரத்தில் ஆண்டு விழா. பெரிய மனிதர் ஒருவர் தலைமை தாங்க வருகிறார். முடியாது என்று சொல்லி அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மாஸ்டரின் பையன்களில் தாவீதும் சாம்பசிவமும் மேடையேறினார்கள். தாவீது, சாம்பசிவத்தைக் குப்புறத் தள்ளி முழங்கையைப் பூட்டினான். இன்னொரு கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டதால் சாம்பசிவத்தால் தரையைத் தட்ட முடியவில்லை. “பணிந்தேன்!” என்று கத்தினான். மறுபடியும், “பணிந்தேன்!”

ஜனங்கள் கை தட்டினார்கள். வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நானும் தட்டினேன் — ஆஹா, நம்முடைய சொல் மேடையில் முழங்குகிறதே என்று! கூட்டத்திலேயே பலமாகத் தட்டியது நானாகத்தான் இருக்கும்.

தாவீதின் காதுக்கு அது விடச் சொல்லும் வார்த்தையே இல்லை. கைதட்டல் வேறு. இன்னும் இறுக்கினான். மளுக்கென்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து மாஸ்டர் “மைத்தா!” என்று அலறினார். நெருப்பைத் தொட்டவன் மாதிரி தாவீது கையை உதறினான்.

புதன்கிழமை விசாரணை. மாஸ்டர் மேல் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, ஆபத்தான வித்தையைக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது — சிரிக்காதீர்கள் — கமிட்டி தீர்மானத்துக்கு விரோதமாக மேடையில் ஜப்பானியச் சொல்லை உச்சரித்தது.

“நான் கத்தலைன்னா அந்தப் புள்ள கையே போயிருக்கும் சார். நான்தான் டைம் கேட்டேனே!”

“எப்ப கேட்ட?” என்றார் தலைவர்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். உங்க எதிர்ல தானே கேட்டேன்? வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு சார்...”

தலைவரும் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் குற்றம் கமிட்டியின் மேல் வரும். கமிட்டி மேல் வந்தால் முதலில் என் சொல்லின் மேல் வரும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — அந்த நிமிஷம் அந்தக் குழந்தைகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என் பெயரைப் பற்றித்தான் நினைத்தேன்.

நடவடிக்கைப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினேன். “அப்படி எதுவும் இதில் பதிவாகவில்லை” என்றேன்.

பொய்யில்லை. பதிவு செய்கிற காரியதரிசி நான்தானே!