போர்க்காலக் கோப்பை

இத்தாலியின் பலேர்மோவில் பால்கனிக்குப் பால்கனி ஊர்க் கழகத்தின் கொடி தொங்குகிறது. அதற்குக் கீழே, அல்பெர்கேரியாச் சந்தொன்றில், உணவகச் சமையலறைத் தொட்டியடியில் நின்று நானும் என்னோடு சட்டி கழுவும் தவமும் இரண்டு இங்கிலாந்துக் காற்பந்துக் கழகங்களுக்காகச் சண்டை பிடிப்போம். அந்த ஊர்களை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சமையற்காரர் ஒருநாள் கரண்டியை நீட்டி, "நீங்கள் ஆங்கிலேயரா?" என்று கேட்டார். "ஆங்கிலேயர்தான், அதனால்தான் உங்கள் சட்டி கழுவுகிறோம்" என்றேன். மனிதர் நம்பிவிட்டார்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் கழகங்கள். ஒரே அளவு ஊர், ஒரே அளவு மைதானம், மழையில் நனைந்துகொண்டு வரும் கூட்டமும் ஒரே அளவு. ஆனால் என் கழகத்தின் அலுமாரியில் கோப்பைகள் இடிபடுகின்றன. தவத்தின் கழகத்துக்கு ஒன்றே ஒன்று. அதுவும் உலகப்போர் நடந்தபோது வென்றது. போர்க்காலக் கோப்பைகளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் பார்த்த பட்டியலில் அந்த வருடங்களுக்கு நேரே வெறும் கோடுதான்.

"நல்ல ஆக்களெல்லாம் சண்டைக்குப் போயிட்டினம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சக்கரை, அதுதான் உன்ரை கப்," என்பேன்.

"குண்டு விழேக்கையும் விளையாடினவங்கள் மச்சான். அதையெல்லோ முதல் எண்ண வேணும்?"

அவன் சிரிக்காமல்தான் சொல்வான். அப்போதே நான் வாயை மூடியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வயது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது யாழ்ப்பாணத்தானாகிய நான் இங்கே ஒரு வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். தவம் அங்கே இருந்தான்.

இந்த வருடம் அவன் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்தபோது, அடைக்கலம் கேட்டு முதன்முதல் சொன்ன கதையில் இரண்டு வருடத்தைக் காணவில்லை, எழுதித் தா என்று குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். அவன் நிரப்பிய தாளை வாங்கிப் பார்த்தேன். மற்ற வருடங்களுக்கெல்லாம் ஊரும் வேலையும் எழுதியிருந்தான். அந்த இரண்டுக்கும் நேரே ஒரு கோடு.

"என்னடா இது?"

"கணக்கிலை இல்லாத வருசம். நீதானே சொல்லுறனி."

"விசர்க் கதை கதையாதை. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

வியா மக்வேதா வீதிக்குப் பின்னால், தாள் நிரப்ப உதவும் சிறு அலுவலகமொன்றில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா, இருக்கிறார். மொழிபெயர்க்க நானும் போனேன். வெளியே உல்லாசக் கப்பலில் வந்தவர்கள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அன்று பயமாகவும் இருந்தது.

சிஞ்ஞோரா அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "இங்கே என்ன நடந்தது?"

தவம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் பங்கர் வெட்ட விட்டது மச்சான். தம்பியையும்தான். நான் வெட்டின பங்கருக்குள்ளைதான் அவனை மூடினனான்."

இத்தனை வருடம் ஒரே தொட்டியில் சட்டி கழுவியிருக்கிறோம். அவனுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது.

"என்ன சொல்கிறார்?" சிஞ்ஞோரா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

பயங்கரவாதப் பட்டியலில் இருக்கும் புலிகளின் பெயரை நான் இத்தாலியனில் சொன்னால், அந்தத் தாளை யார் வாசிப்பார்கள், அவனை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? சொல்லாமல் விட்டாலும் அதே விமானம்தானோ? இருபது வருடமாக எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் வாய் நான்தான். அந்த வாய் உலர்ந்துபோயிருந்தது.

"நியென்தே, சிஞ்ஞோரா," என்றேன். ஒன்றுமில்லை.

அவர் அதை அப்படியே எழுதினார்.

அந்த ஒரு சொல் தவத்துக்கும் தெரியும். அவன் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினான்.