அருவிக் காவலர் பாவாடை சொன்ன இரண்டு பொய்கள்

கல்வராயன் மலையில், வெள்ளிமலை ரோட்டிலிருந்து பிரிந்து நாற்பது படி இறங்கினால் ஓர் அருவி. படிக்கட்டின் உச்சியில் ஒரு போர்டு. போர்டில் பன்னிரண்டு எச்சரிக்கைகள். அதைப் படித்தவர் இதுவரை யாரும் இல்லை. அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவரும் யாரும் இல்லை. பன்னிரண்டும் போதாதென்று பதிமூன்றாவது எச்சரிக்கையாகப் பாவாடையைத் தினக்கூலிக்கு நிறுத்தியிருந்தார்கள். அவரையும் யாரும் படிக்கவில்லை.

வயது ஐம்பத்தெட்டு. ஊர் வடக்கனந்தல் பக்கம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, மூட்டை தூக்கு என்று அடுத்தவர் வயலிலேயே முதுகு வளைந்தவர். வனத்துறை ஆபீஸில் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தபோது, மனைவி தைலம்மாள் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் மாதிரி இருப்பதாகச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் தன் பேச்சைக் கேட்கப் போகிறார்கள் என்று பாவாடையும் நம்பினார். பாவம், நல்ல மனுஷன்.

தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. வாலிபத்தில் ஒருநாள் கோமுகி ஆற்றுக்குள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். மலையில் எங்கோ பெய்த மழை திரண்டு வந்து, அவரை அடித்துக்கொண்டு போய் ஒரு புங்கமரத்தில் மாட்டிவிட்டது. அரை நாள் அந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தார். வேறு வேலை இல்லாததால், வெள்ளம் வருவதற்கு முன் ஆறு தன்னிடம் என்னென்ன சொன்னது என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். தெளிவாக ஓடிய தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. சருகு எப்போதும் மிதந்து வருவதுதான். ஆனால் அன்று காம்போடு பிய்ந்த பச்சை இலைகள் வந்தன. காய்ந்த மணலில் நிற்கும்போதே ஈரமண் வாசனை அடித்தது. இவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. இவை தெரிந்த பிறகு தப்பிக்கக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவியில் பச்சை இலை வந்தது. பாவாடை விசில் ஊதினார். குளித்துக்கொண்டிருந்த பையன்கள் அந்த விசிலுக்குத் தாளம் பிடித்து ஆடினார்கள். வெள்ளம் வரப்போகிறது, ஏறிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"மேல பாரு பெருசு, ஒரு மேகமாச்சும் இருக்குதா?" என்றான் ஒருவன். இன்னொருவன் அவரைச் செல்போனில் வீடியோ எடுத்தான். வீடியோவில் பாவாடை நன்றாகத்தான் பதிவாகியிருந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் நிறம் மாறி வருவதும் தெளிவாகத் தெரிந்தது. மேகம் கேட்ட பையனை மட்டும் இரண்டு நாள் கழித்துக் கீழே ஒரு பாறை இடுக்கிலிருந்து எடுத்தார்கள். வெற்றிவேல் என்று பெயர். இருபத்தொரு வயது.

விசாரணை நடந்தது. எச்சரித்தாயா என்று கேட்டார்கள், எச்சரித்தேன் என்றார், வீடியோவே சாட்சி. உன்மேல் தப்பில்லை, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். பாவாடை அன்று சோற்றில் கை வைக்கவில்லை. "நான் உண்மையத்தான் சொன்னேன் தைலம். சொல்லி இன்னா, அவன் செத்துட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தப்பில்லை என்று ஆபீஸே சொல்லியும் அவருக்கு ஆறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் பச்சை இலை வந்தது. தண்ணீரில் பத்தொன்பது பேர். இந்தத் தடவை பாவாடை விசிலைத் தொடவில்லை. ஓரமாகப் போய், யாரிடம் என்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"மேல ரோட்டுல போலீஸு பைக்குங்கள வேன்ல ஏத்திக்கினு இருக்குது. யார் வண்டின்னு தெரியல."

இரண்டே நிமிஷத்தில் அருவி காலி. சோப்பு நுரைத் தலையோடு ஓடினார்கள். மாமியாரை விட்டுவிட்டு ஒருவர் பைக்கைக் காப்பாற்ற ஓடினார். மாமியார் அவரையும் முந்திக்கொண்டு ஓடினார். பிறகு வெள்ளம் வந்தது. ஆள் யாரும் கிடைக்காததால் நாலு சிப்ஸ் பாக்கெட்டையும் ஒரு ஜட்டியையும் எடுத்துக்கொண்டு போனது.

ரோட்டில் போலீஸும் இல்லை, வேனும் இல்லை. பத்தொன்பது பேருக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அருவி சூப்பர், காவலர் பொய் சொல்கிறார் என்று செல்போனிலேயே எழுதி, ஒற்றை நட்சத்திரமும் போட்டார்கள்.

பாவாடைக்கு வேலை கொடுத்ததற்கு ஆபீஸில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மெமோ கொடுக்கக் காகிதம் இருந்தது. ஒருவன் செத்தபோது வராத மெமோ, பத்தொன்பது பேர் பிழைத்ததற்கு வந்தது. பொதுமக்களிடம் பொய்த் தகவல் பரப்பியது ஏன், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை கிடையாது என்று மேலதிகாரி நாராயணசாமி கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டாவது படித்த தைலம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவாடை சொல்லச் சொல்ல எழுதியது ஒரே வரி: தண்ணி வந்துச்சுங்க.

விளக்கம் போதவில்லை என்று நாராயணசாமி நேரிலேயே விசாரிக்க வந்தார். ஒரு கையில் ஃபைல், மறு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். சனிக்கிழமை அல்லவா. மற்றவர்களை அன்று உள்ளே விடவில்லை. குளித்து முடித்து விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு தட்டைப் பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஃபைல் பக்கத்திலேயே இருந்தது.

முதலில் ஒரு பச்சை இலை வந்தது. பிறகு ஒரு கொத்து. மண் வாசனை மூக்கில் ஏறியது.

"சார், தண்ணி வருதுங்க. ஏறிடுங்க."

நாராயணசாமி கண்ணைத் திறக்கவில்லை. எதுவாக இருந்தாலும் எழுத்துமூலமாகக் கொடுக்கச் சொன்னார்.

பாவாடை உண்மையைச் சொல்லியாகிவிட்டது. இனி சும்மா நின்றால் அவர்மேல் தப்பில்லை. விசாரிக்க ஆளும் இருக்காது, வேலையும் நிலைக்கும். இன்னொரு பொய் சொன்னால் வேலை போனது போனதுதான். அரை நொடி அப்படித்தான் நினைத்தார். நினைக்கவே இல்லை என்று எழுதினால் அவரைச் சாமியாக்கியதாக ஆகிவிடும். அடுத்த அரை நொடியில் மேகம் கேட்ட பையனின் முகம் வந்தது.

"சார், கலெக்டர் வந்துக்கினு இருக்காருங்க. ஜீப்ப வுட்டு எறங்கிட்டாரு."

நாராயணசாமி எழுந்ததைப் பாவாடை பார்க்கவில்லை, படியில் இருந்ததைத்தான் பார்த்தார். ஒரு கை துண்டைப் பிடித்திருக்க, மறு கை எண்ணெய் உடம்பில் சட்டையை ஏற்ற, ஐம்பது வயது மனிதர் நாற்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினார். பாவாடை பின்னாலேயே ஓடினார். கடைசிப் படியில் கால் வைத்தபோது கீழே மலையே இடிந்த மாதிரி சத்தம் கேட்டது. தட்டைப் பாறை இருந்த இடத்தில் வேரோடு ஒரு மரம் உருண்டது. ஃபைலைக் காணோம்.

நாராயணசாமி கீழே எட்டிப் பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பாவாடை பக்கத்தில் காத்திருந்தார்.

மாறிப்போன பொத்தானைச் சரிசெய்துகொண்டு நாராயணசாமி திரும்பினார். "கலெக்டர் எங்கய்யா?"

திங்கட்கிழமை இரண்டாவது மெமோ வந்தது. இதற்கு மூன்று நாள்தான் கெடு. தைலம்மாள் பேனாவைத் திறந்து, என்ன எழுதுவது என்று கேட்டார்.

"போன தடவ எழுதனதயே எழுது" என்றார் பாவாடை.