காலியாகப் போன கடைசி பலூன்

நொர்பெர்த்தோ கிலார்தி ஒரு பயந்தாங்கொள்ளி. எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன். பகலில் ஹார்டுவேர் கடையில் ஆணியும் ஸ்க்ரூவும் நிறுத்துக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் காமிக்ஸ் வரைவார். தானே வரைந்து, தானே ஜெராக்ஸ் எடுத்து, தானே மடித்து ஸ்டேப்ளர் அடித்து விற்பார். அர்ஜென்டினாவில் எங்கள் ரொசாரியோ நகரத்தில் எங்களைப் போல ஒரு கும்பலே இருக்கிறது. பழைய ரயில் கொட்டகையில் சந்தை போட்டால் அவர் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். வாங்க வருகிறவர்கள் குறைவு. சாயங்காலமானால் உன் புத்தகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று எங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு வீடு திரும்புவோம்.

அவருக்கு ஒரே அக்கா, எல்விரா. பேக்கரி வைத்திருக்கிறாள். அவள் புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போனபோது இந்த மனுஷன் அதையே காமிக்ஸாகப் போட்டார். எல்விராவுக்கு உருளைக்கிழங்கு மூக்கு, மாவு அப்பிய கன்னம், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பாரி. அவர் வாழ்க்கையில் விற்றுத் தீர்ந்த ஒரே புத்தகம் அதுதான். ரொட்டி வாங்க வந்தவர்கள் அவள் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தியவள்தான். கிறிஸ்துமஸுக்குக்கூடக் கூப்பிடுவதில்லை.

போன வருஷம், அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு புத்தகம் வரைய உட்கார்ந்தார்.

"நேரே போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாய்யா, சோலி முடிஞ்சுது" என்றேன்.

"எனக்கு வரையத்தான் வரும் சுலேமா. பேச வராது."

அக்கா தன்னைத் தூக்கி வளர்த்த கதையையெல்லாம் அழகாகத்தான் வரைந்திருந்தார். கடைசிப் படத்தில் தம்பி பேக்கரிக்குள் நிற்கிறான். அவன் தலைக்கு மேலே வசனம் எழுதுகிற பலூனில், 'மன்னிச்சிரு அக்கா, நான் பண்ணினது அநியாயம்.'

நாங்கள் முதலில் வெளிர்நீலப் பென்சிலால் வரைந்துகொண்டு, அதன் மேல் மை ஏற்றுவோம். அந்த நீலம் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தெரியாது, அழிக்கிற வேலை மிச்சம். அந்த ஒரு பலூனுக்கு மட்டும் மை போட அவருக்குக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். சந்தை நெருங்கிய அவசரத்தில் அப்படியே கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். அசலில் அவர் கண்ணுக்கு எழுத்து தெரிந்ததே, அதனால் பிரதியில் விழாது என்று தோன்றவேயில்லை. முதல் பிரதியை எல்விராவுக்கு அனுப்பிவிட்டுத்தான் சந்தைக்கே வந்தார்.

மாத்தே டீ குடித்துக்கொண்டே புரட்டிய நான்தான் பார்த்தேன். "யோவ், கடைசியில வசனம் எங்கேய்யா?"

வாங்கிப் பார்த்தார். பலூன் வெள்ளை வெளேரென்று இருந்தது. மனுஷன் முகம் வெளிறிப்போயிற்று.

அதற்குள் புவனோஸ் ஐரெஸிலிருந்து வந்திருந்த விமர்சகர் ஒருவர், கேமராக்காரனோடு எங்கள் மேசைக்கு வந்து ஒரு பிரதியைப் புரட்டிவிட்டார். "அந்தக் காலி பலூன் இருக்கே, அடடா! மன்னிப்புக் கேக்க வார்த்தையே பத்தாதுன்னு சொல்லிட்டீங்க. வேணும்னே விட்டதுதானே?"

உண்மையைச் சொல்லித் தொலை என்று மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். இவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, வேணும்னுதான் விட்டேன்" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக ஒருத்தன் பாராட்டுகிறான், பல்லைக் காட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவரைத் தரதரவென்று பேக்கரிக்கு இழுத்துப் போனேன். கடையில் நல்ல கூட்டம். எல்விரா நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கடைசி பலூன்..."

"பார்த்தேன். ஏதோ அச்சுல விட்டுப்போச்சாக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம் என் மக உன் பேட்டியைப் போன்ல காட்டினா. வேணும்னுதான் விட்டேன்னு சொல்றியே."

"இல்லக்கா, எழுதியிருந்தேன். நீலப் பென்சில்ல. மை போட மறந்துட்டேன். அந்த ஆளு அப்படிக் கேட்டதும்..."

"அந்த ஆளு உன்னைப் பெருசா நினைக்கணும். அதுக்கு அக்காவை என்ன வேணாப் பண்ணலாம். அன்னிக்கும் இதானேடா?"

நொர்பெர்த்தோ தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அதெல்லாம் போகட்டும்" என்றாள் எல்விரா. குரல் இறங்கியிருந்தது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "காகிதத்துல வேண்டாம். இதோ, உன் முன்னாடிதான் நிக்கிறேன். இப்ப சொல்லு. நான் கேக்கறேன்."

பேக்கரியே அவர் வாயைப் பார்த்தது. சொல்லுய்யா, சொல்லுய்யா என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"அரை டஜன் பிறை ரொட்டி குடுக்கா" என்றார்.

எல்விரா ஆறு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். எல்லாரிடமும் வாங்குவது போலவே அவரிடமும் காசு வாங்கிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.