பின்பால்கனியில் எதிராளியின் பெட்டி

தென்கொரியாவில் பூசானுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனிக் குடியிருப்பு. அங்கே பல் தேய்க்கிற பிரஷ் நீங்கலாக வீட்டுச் சாமான் அத்தனையும் கம்பெனிப் பெயர் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். சட்டம் என்று எதுவும் எழுதி ஒட்டவில்லை. நான்காம் மாடிக்காரர் எதிர்க் கம்பெனி டிவி வாங்கினார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதற்கப்புறம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் நாம் க்வி-சுக். மகள் தன்பி பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் அவள் தன்பி அம்மா. ஐந்தடிகூட இல்லாத உருவம். வாய் மட்டும் ஏழாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் எட்டும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே கடை, சமையல், சண்டை எல்லாம் முடித்துவிடுவாள். கணவர் ப்யோ சாங்-சோல் குளிர்பெட்டிப் பிரிவில் வடிவமைப்பாளர். பரம சாது.

அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே துக்கம், கிம்ச்சி. நவம்பரில் ஊரோடு உட்கார்ந்து முட்டைக்கோஸுக்கு உப்பும் மிளகாயும் பூண்டும் தடவி அடுக்குவோம், அதுதான் கிம்ச்சி. எங்கள் அம்மாக்கள் அதை ஜாடியில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். வசந்தம் வரை மொறுமொறுவென்று இருந்தது. ஏழாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? குளிர்பெட்டியில் வைத்தால் ஜனவரிக்குள் புளித்துவிடும். பாலெல்லாம் பூண்டு நாறும். எங்கள் கணவர்மார் செய்த பெட்டி என்பதால் குறை சொல்லவும் வாயில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்க் கம்பெனி கிம்ச்சிக்கென்றே ஒரு தனிப்பெட்டி கொண்டுவந்தது. தன்பி அம்மா சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வாங்கிவிட்டாள். கீழேயே அட்டையைக் கிழித்துப் போட்டு, பெட்டியைப் போர்வையால் சுற்றி, நானும் ஒரு பக்கம் பிடித்து மேலே ஏற்றினோம்.

சாங்-சோல் கண்டுபிடிக்க இரண்டு வேளைச் சாப்பாடுகூட ஆகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அத்தனையும் கேட்டது.

“என் வேலைக்கே உலை வெக்கப் பாக்குறியா? பதவி உயர்வு லிஸ்டு வரப்போகுது. வெளிய தெரிஞ்சா நான் காலி!”

“முதல்ல சாப்பிடுங்க.”

“தன்பி பொறந்தநாளுக்கு முன்னாடி இது வெளிய போயாகணும்.”

இப்படிச் சொல்லிவிட்டு, அந்தக் கிம்ச்சியையே வைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் சோறு தின்றாராம்.

பெட்டி போகவில்லை. பிப்ரவரிக் கடைசியில் தன்பியின் முதல் பிறந்தநாள் விருந்து. குளிர்பெட்டிப் பிரிவின் தலைவர் கூ, தன் மனைவியோடு வந்திருந்தார். ஒரு துண்டு கிம்ச்சி எடுத்துக் கடித்தார். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“இந்த மாசத்துல இப்படி மொறுமொறுன்னா? எந்த மண்ணுல புதைச்சீங்க?”

சாங்-சோலுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அது வந்து சார்… எங்கம்மா ஊர்ல செஞ்சு அனுப்பினாங்க.”

“இல்ல சார்,” என்றாள் தன்பி அம்மா, கையில் தட்டோடு. “நான் செஞ்சது. பின்பால்கனியில இருக்கு, எதிர்க் கம்பெனி பெட்டியில. வாங்கினதும் நான்தான். இவரு திட்டிக்கிட்டேதான் இருக்காரு.”

எல்லோரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டோம். இந்தக் குடும்பம் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். தலைவர் எழுந்து பால்கனிக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். மேல்மூடியைத் திறந்தார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார், மூடினார்.

“இதுல குறையே இல்லியா?”

“ஏன் இல்லாம? அடியில இருக்குற டப்பாவ எடுக்கத் தலைகீழாத் தொங்கணும். முதுகுல இருக்குற புள்ள வழுக்கி உள்ள விழப் பாக்குது. இழுப்பறை வெச்சா அவங்களுக்கு என்ன கேடாம்?”

“அதேதான்மா!” என்றார் தலைவரின் மனைவி. “நம்ம வீட்டுதுலயும் எனக்கு இடுப்பு ஒடியுது.”

தலைவரின் காது சிவந்துபோனது.

“அது… ஆராய்ச்சிக்கு வாங்கினது.”

“ஆமா, மூணு வேளையும் உக்காந்து ஆராய்ச்சி பண்றாரு,” என்றார் மனைவி.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சாங்-சோல் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பதவி உயர்வும் வந்தது, இழுப்பறைப் பெட்டி செய்கிற வேலையும் வந்தது. அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்ததும் எதிராளி சும்மா இருப்பானா? ஒவ்வொரு இழுப்பறைக்கும் தனித்தனிக் குளிர் என்று வைத்தான். நாங்கள் பூண்டு வாடையை அடக்கினோம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் இரண்டு பக்கமும் காலில் வெந்நீர் கொட்டின மாதிரி ஓடினார்கள். சாங்-சோல் எதிராளியைத் திட்டினால் தன்பி அம்மா விடமாட்டாள். “திட்டாதீங்க. அவங்க தூங்கியிருந்தா நீங்களும் தூங்கியிருப்பீங்க. நான் புளிச்சதத் தின்னுட்டு இருந்திருப்பேன்.”

எனக்கு இப்போது முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, குனியக் கூடாது. தரையில் உட்கார்ந்தபடி கீழ் இழுப்பறையை இழுக்கிறேன். மார்ச்சிலும் கோஸ் மொறுமொறுவென்று இருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் இரண்டு கம்பெனிக்காரர்களையும் மனசார வாழ்த்துகிறேன், அதற்கும் முன்னால் தன்பி அம்மாவை. புருஷன் வேலை போனாலும் போகட்டும் என்று அன்றைக்கு உண்மையைச் சொன்னாளே, அந்தத் தைரியம் எனக்கு வராது. போன வாரம் அவளிடமே இதைச் சொன்னேன்.

“தைரியமா? போங்கக்கா,” என்றாள். “நான் செஞ்ச கிம்ச்சிக்கு இவரோட அம்மா பேர் வாங்கிட்டுப் போறதாவது!”