ஜீவானந்தம் ஜீப்பு பார்த்த லட்சணம்

படப்பை மார்க்கெட்டுல ஜீவானந்தத்தைப் பார்த்தா கத்திரிக்கா கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்குவார். காம்பைக் கிள்ளி, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "புழு கீதா?"ன்னு உயிரை வாங்கிடுவான். அவனைச் சொல்லியும் குத்தமில்ல. இருங்காட்டுக்கோட்டை கார் பிளாண்ட்டுல லைன் முடியற எடத்துல நின்னு, வர்ற வண்டியையெல்லாம் தடவிப் பார்த்து, கோளாறு இருந்தா சாக்பீஸால வட்டம் போடறதுதான் அவன் வேலை. சந்தேகப்படத்தான் சம்பளமே!

மழைக்கு முன்னாடி அவனுக்கு ஒரு ஜீப்பு வேணும். பொண்டாட்டி சசிகலாவுக்கு ரெண்டாவது பிரசவம் ஐப்பசியில. நாலு தூத்தல் போட்டாலே அவங்க தெரு ஏரிதான். மூத்தது பொறந்தப்பவும் இதே கூத்து. இவன் பிளாண்ட்டுல மாட்டிக்கினான்; கூட வேலை பார்க்கற சாம்சன்தான் அவளை ஆஸ்பத்திரியில சேர்த்தான்.

ஒரே ஜீப்புல பழசு, நடு, புதுசுன்னு மூணு மாடலையும் அலசினான். முதல் மாடல் ஒரகடத்துல ஒரு கோழிப்பண்ணைக்காரர்கிட்ட இருந்துச்சு. தார்ப்பாய்க் கூரை, ஏசி கிடையாது, குலுக்கற குலுக்கல்ல புள்ள வழியிலேயே பொறந்துடும். மூணாவது மாடல் ஷோரூம்ல பளபளன்னு நின்னுச்சு. இரும்புக் கூரை, தானா மாறற கியர். "இவ்ளோ ஒயரு ஓடுதே, தண்ணி பட்டா படுத்துடாது?"ன்னு கேட்டான். சேல்ஸ் பொண்ணு சிரிச்சா. அவ சிரிச்சதே இவனுக்குச் சந்தேகமாப் போச்சு. நடு மாடல்தான் சரின்னு தோணுச்சு; ஏசியும் உண்டு, எஞ்சினும் முரட்டு எஞ்சின். அதைத்தான் சாம்சன் விக்கறதா இருந்தான்.

ஞாயித்துக்கிழமை சசிகலாவையும் கூட்டிக்கினு சாம்சன் வீட்டுக்குப் போனான். கதவைத் தடவினதும் கை தானா பாக்கெட்டுக்குப் போய் சாக்பீஸை எடுத்துச்சு. கதவுல ஒரு வட்டம், பம்பர்ல ஒண்ணு, பானெட்டுல ரெண்டு. சாம்சன் மொதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கல.

உள்ள கால்மிதி மேட்டைத் தூக்கினா மூலையில காஞ்ச வண்டல். சீட்டு போல்ட்டுல துரு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தா, குறுக்க பழுப்புக் கோடு.

"தண்ணியில முழுகின வண்டியா? இத்தையா என் தலையில கட்டப் பார்த்த?" தெருவே திரும்பிப் பார்த்துச்சு. "ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னவன்டா நீ, சீ!"

சாம்சன் முகம் சுண்டிப் போச்சு.

சசிகலா வயித்தைப் புடிச்சிக்கினு கிட்ட வந்தா. "எந்தத் தண்ணின்னு கேட்டியாய்யா?"

"எந்தத் தண்ணியா இருந்தா இன்னா?"

"மூத்தது பொறந்தன்னிக்கு நம்ம தெருவுல நின்ன தண்ணிதான். சீட்டு வரைக்கும் ஏறிச்சு. இந்தப் பெல்ட்டைப் புடிச்சிக்கினுதான் நான் கத்தினேன். 'வண்டி போனா போவட்டும், நீங்க பயப்படாதீங்க அண்ணி'ன்னு இவருதான் சொன்னாரு. கத்திரிக்காயையே அந்தக் கேள்வி கேக்கறியே, அன்னிக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

ஜீவானந்தம் சட்டைக் கையால கதவு மேல இருந்த வட்டத்தைத் தேய்க்க ஆரம்பிச்சான்.

"வுடுண்ணா, அழிக்காத," சாம்சன் சொன்னான். "அடுத்து வாங்க வர்றவராச்சும் தேடிக்கினு கிடக்க வேணாம்."